கடல் கடந்த நம்மவரும் மாரடைப்பும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு நமது சங்கத்துச் செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, வழக்கம்போல் ஓர் இலக்கியப் பொருளையே யான் எடுத்துக்கொள்வேன் என்று கருதியிருத்தல் கூடும். யான் எடுத்துக்கொண்டதோ மாரடைப்பு. தமிழ் கற்பிப்பவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் டாக்டர் நகைப்பதை இங்கிருந்தே காண்கிறேன். யான் வைத்தியம் சொல்ல வரவில்லை. அறிஞர்கள் ஆராய்ந்து வெளியிட்டவற்றைப் படித்து, ஐயுற்ற இடங்களை அந்த டாக்டரிடமே கேட்டுத் தெளிந்து, நம் இல்லத்தார்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைப்பதொன்றே என் முயற்சி. இம்முயற்சிக்கு என் வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு. அதனைப் பிற்பகுதியிற் கூறுவேன்.

நம் சங்கத்துக் குடும்பங்களுள் இந்நாளில் ஒரு பிள்ளையேனும் கடல் கடந்து வாழாத வீடு அரிது. இலண்டன் என்றும், சிங்கப்பூர் என்றும், அமெரிக்கா என்றும் நம் பிள்ளைகள் பரந்து வாழ்கின்றனர். அவர்களிடமிருந்து பணமும் புகைப்படமும் வருகின்றன. இடையிடையே, ஐம்பது வயதும் நிரம்பாத ஒருவர் காலையில் அலுவலகம் சென்றார், மாலையில் இல்லை என்னும் செய்தியும் வருகின்றது. அச்செய்தி கேட்டதும் நாம் சொல்லுவன இரண்டே. "தலையெழுத்து" என்பது ஒன்று. "அந்நிய நாட்டுச் சாப்பாடு" என்பது மற்றொன்று. முன்னது பிறப்பின்மேற் பழி சுமத்துவது. பின்னது இடத்தின்மேற் பழி சுமத்துவது. இவ்விரண்டையும் அறிஞர்கள் எங்ஙனம் சோதித்தார்கள், எதனைக் கண்டார்கள் என்பதே இன்றைய பேச்சு.

இந்நோய் நம்மவரிடத்து மிகுதி என்பது முதன்முதல் தெளிவாகப் புலப்பட்ட இடங்களுள் ஒன்று சிங்கப்பூர். 1959-ஆம் ஆண்டில், டி. ஜே. தனராஜ் என்னும் வைத்தியப் பேராசிரியரும் அவருடன் உழைத்தோரும், அந்நகரில் இறந்தோரின் பிணப் பரிசோதனைக் குறிப்புக்களை இனவாரியாக ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரே நகரம், ஒரே வெயில், ஒரே மழை. அங்ஙனமாகவும், இருதயத்திற்கு இரத்தம் கொணரும் நாளங்கள் அடைபட்டு மாண்டவர் சீனரினும் இந்தியரிடத்துப் பன்மடங்கு மிகுதியாயிருந்தனர். அக்காலத்துச் சிங்கப்பூரில் இந்தியர் எனப்பட்டோருட் பெரும்பாலார் தமிழர் என்பதை யான் உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. இந்தத் தனராஜ் அவர்களே பின்னர்க் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்து மருத்துவப் பிரிவு தொடங்கப்பெற்றபோது அதன் முதல் தலைவராக விளங்கினார்.

பின்னர் ஏனை நாடுகளிலிருந்தும் இச்செய்தியே வந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதற் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்றவருடைய வழித்தோன்றல்களிடத்தும், 1845 முதல் டிரினிடாடுத் தீவிற் குடியேறியவருடைய வழித்தோன்றல்களிடத்தும், இலண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில் சவுத்தால் முதலிய இடங்களிற் குடியேறிய பஞ்சாபியரிடத்தும் இந்நோய் பிறரினும் மிகுதி எனக் கண்டனர். இவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். சீக்கியர் உளர், புலாலைத் தொடாத குஜராத்தியர் உளர், மீனுண்ணும் வங்காள முஸ்லிம்கள் உளர், நம் தமிழர் உளர். சமயம் வேறு, சமையல் வேறு, குடியேறிய நாடு வேறு, குடியேறிய காலமும் வேறு. பொதுவாயிருப்பது முன்னோர் வாழ்ந்த நிலம் ஒன்றே. ஆகவே, இது குருதிவழி வருவதோ என்னும் ஐயம் ஆராய்ச்சியாளர்க்கு எழுந்தது நியாயமே.

அண்மைக் காலத்துக் கணக்கொன்றும் கூறுகிறேன். பிரிட்டனில் பல இலட்சம் மக்களைத் தொடர்ந்து கவனித்துவரும் பெரியதோர் ஆராய்ச்சி உண்டு. அதிலிருந்து 2021-இல் வெளிவந்த கட்டுரையில், தெற்காசிய வழியினர் சுமார் 8,000 பேரையும் ஐரோப்பிய வழியினர் சுமார் 4,49,000 பேரையும் 11 ஆண்டளவு தொடர்ந்து பார்த்ததன் முடிவு கூறப்பட்டது. இருதய நாள அடைப்பு, பக்கவாதம் முதலியன புதிதாகத் தோன்றியவர், தெற்காசியருள் 100-க்கு 6.8; ஐரோப்பியருள் 100-க்கு 4.4. வயது முதலிய வேறுபாடுகளைக் கழித்துக் கணக்கிட்டால், நம்மவர்க்கு ஏறக்குறைய இரு மடங்கு அபாயம் என்று ஏற்படுகிறது. அமெரிக்க வைத்திய சங்கங்கள் 2018-இல் வெளியிட்ட கொலஸ்டிரால் நெறிமுறையிலும், தெற்காசிய வழியிற் பிறந்திருத்தலையே அபாயத்தை மிகுவிக்கும் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றனர்.

மிகுதி மட்டுமன்று, முந்தி வருதலும் நம்மவரிடத்து உண்டு. 52 தேசங்களில் நடந்த இன்டர்ஹார்ட் என்னும் ஆராய்ச்சிக்குத் தலைமை பூண்டவர் கேரளத்திற் பிறந்த சலீம் யூசுப் என்னும் அறிஞர். அவ்வாராய்ச்சியினின்று 2007-இல் எடுத்துக் காட்டியபடி, முதல் மாரடைப்பு வரும் வயது பிற நாட்டாரிடத்துச் சுமார் 59, தெற்காசியரிடத்து 53. இந்த ஆறாண்டு சிறிதென்று எண்ணாதீர்கள். மகளுக்கு மணம் முடிப்பதும், மகனைப் படிக்க வைப்பதும், வீட்டுக் கடன் தீர்ப்பதும் பெரும்பாலும் அந்த ஆறாண்டினுள்ளேயே அடங்குகின்றன.

இனி, குருதிவழி வருதல் என்பது யாது? இதனை என் தொழிலிலிருந்தே ஓர் உவமையால் விளக்குவேன், வைத்தியர் பொறுத்தருள்க. அச்சுக்கூடம் வருமுன் நம் நூல்கள் பனையோலையிற் பெயர்த்தெழுதப்பட்டே வழிவழி வந்தன. எழுதுவோன் ஓர் எழுத்தை விட்டால், அவ்வேட்டைப் பார்த்து எழுதிய படிகளெல்லாம் அவ்வெழுத்தை விட்டே எழுதப்படும். நம் உடம்பின் ஒவ்வோர் அணுவறையிலும் அத்தகைய ஓர் ஏடு உண்டு. அதன் எழுத்து நான்கே. ஆயின் அந்நான்கெழுத்தால் ஆகிய ஏட்டின் நீளம் சுமார் 300 கோடி எழுத்து. தந்தையிடமிருந்து ஒரு படியும் தாயிடமிருந்து ஒரு படியும் பெற்று நாம் பிறக்கிறோம். அவ்வேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் உரிய பகுதியை மரபணு என்பர். பாடபேதம் எல்லாம் பிழையாகா என்பதை ஏடு பார்த்தவர் அறிவர். பெரும்பாலான பேதங்களால் ஒரு கேடும் இல்லை. சில பேதங்கள் பொருளையே கெடுத்துவிடும்.

மாரடைப்புக்குக் காரணமான பாடபேதம் ஒன்றா, பலவா? ஒன்றே என்று எண்ணித் தேடியவர் பலர். 2007-இல் ஒன்பதாம் குரோமோசோமில் ஓரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக இன்றளவும் 200-க்கு மேற்பட்ட இடங்கள் அறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் தனித்துச் செய்யுங் கேடு சிறிது. பல சேர்ந்தவழியே பெரிது. இவற்றிற் பெரும்பாலன நமக்கே உரியன அல்ல. உலகத்து மக்கட் பலர்க்கும் பொது. 2011-இல் ஐரோப்பியரையும் தெற்காசியரையும் ஒருங்கே ஆராய்ந்து புதிய ஐந்து இடங்கள் கண்டனர். அவை இரு சாராரிடத்தும் ஒத்தே தொழிற்படக் கண்டனர். "நம்மவர்க்கு மட்டும் இரு மடங்கு" என்பதை விளக்கும் தனியொரு மரபணு கிடைத்திலது. தலையெழுத்து என்போர் இவ்விடத்தே சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

அப்படியாயின் இடமே காரணமோ? இதனைச் சோதித்தற்கு மிக எளியதும் அழகியதுமாகிய ஒரு வழியை 1990-களிற் சில அறிஞர் கண்டனர். மேற்கு இலண்டனிற் குடியேறிய பஞ்சாபியர் 247 பேரையும், அவர்களுடைய உடன்பிறந்தாராய்ப் பஞ்சாபிலேயே தங்கிவிட்ட 117 பேரையும் அவர்கள் பரிசோதித்தனர். ஒரு வயிற்றிற் பிறந்தோர். ஓர் ஏட்டின் படிகள். நாடு மட்டும் வேறு. 1995-இல் முடிவு வெளிவந்தது. இலண்டனில் இருந்தார்க்கு உடற்பருமன் மிகுதி, இரத்த அழுத்தம் மிகுதி, கொலஸ்டிரால் மிகுதி, இரத்தத்திற் சர்க்கரை மிகுதி, நாளங்களைக் காக்கும் நல்ல கொழுப்புக் குறைவு. ஊரில் இருந்த தமையனுக்கு இல்லாதன, கடல் கடந்த தம்பிக்கு வந்தன. இவ்வளவில் நின்றால் "அந்நிய நாட்டுச் சாப்பாடு" என்பவர் வென்றார் என்றே சொல்லவேண்டும். ஆயின் அவர்கள் வேறொன்றையும் அளந்தனர். அஃது இரு நாட்டாரிடத்தும் ஒத்தேயிருந்தது. பிரிட்டனின் வெள்ளையரினும் இரு சாராரிடத்தும் மிகுதியாகவும் இருந்தது.

அப்பொருளைப்பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். என்னை, இன்றைய பேச்சில் நீங்கள் வீட்டிற்குக் கொண்டு செல்லத்தக்கது அதுவே. வைத்தியர் அதனை 'லைப்போபுரோட்டீன் சிறிய ஏ' என்று அழைப்பர். கொலஸ்டிராலைச் சுமந்து இரத்தத்தில் ஓடும் நுண்துகள்களுள் ஒரு வகை அது; சாதாரணத் துகளுக்கு மேல் ஒரு வால்போன்ற புரதம் ஒட்டியிருக்கும். நாளங்களின் உட்சுவரிற் படிந்து அடைப்பை வளர்ப்பது அதன் இயல்பு. 1963-இல் நார்வே நாட்டுக் கோரே பெர்க் என்பவர் அதனைக் கண்டறிந்தார். ஒருவருக்கு அஃது எவ்வளவு இருக்கும் என்பது பெரும்பான்மையும் பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. உண்ணும் உணவாலும் உலாவுதலாலும் அது பெரிதும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமிற்கு மேற்படின் அபாயம் என்பர். உலகில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர்க்கு அது மிகுதி. தெற்காசியரிடத்து அவ்வீதம் இன்னும் சற்றே உயர்ந்தது. முற்கூறிய இன்டர்ஹார்ட் ஆராய்ச்சியின் இரத்தங்களை மீண்டும் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டபடி, அளவு கடந்த இப்பொருள் தெற்காசியர்க்கு மாரடைப்பின் அபாயத்தை ஏறக்குறைய இரட்டிக்கின்றது. சாதாரணமாக நாம் செய்துகொள்ளும் கொலஸ்டிரால் சோதனையில் இது வாராது. தனியே கேட்டால்தான் பார்ப்பார்கள். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும்.

மாற்ற இயலாததை அறிந்து என்ன பயன் என்று ஒருவர் வினவலாம். ஏட்டில் ஓரடி சிதைந்துள்ளது என்று தெரிந்தவன் மற்ற அடிகளைச் செல்லரிக்காமற் காப்பான். இது மிகுதியாயுள்ளவன் புகையிலையைத் தொடலாகாது. சாதாரணக் கொலஸ்டிராலை மற்றவரினும் தாழ்வாக வைத்திருத்தல் வேண்டும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இளமையிலேயே பார்த்துக்கொள்ளல் வேண்டும். 2016-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதற்குத் தக்க சான்று. பல மரபணுப் பேதங்களையும் கூட்டிப் பார்க்க, பிறப்பிலேயே மிகுந்த அபாயமுடையார் எனக் கண்டவரை அவர்கள் தனியே பிரித்தனர். அவருள் புகைபிடியாமை, பருத்தலின்மை, உடற்பயிற்சி, நல்லுணவு என்னும் நான்கனுள் மூன்றேனும் உடையார்க்கு, அங்ஙனம் இல்லாரினும் நோய் 100-க்கு 46 பங்கு குறைந்திருந்தது. அவ்வாராய்ச்சிக்கு உட்பட்டார் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரே. ஆயினும் புகையிலையின் நஞ்சு நாடு பார்த்து வேலை செய்வதன்று. இன்டர்ஹார்ட் ஆராய்ச்சியும், நம்மவர்க்கு ஆறாண்டு முந்தி நோய் வருதற்குப் பெரும்பான்மைக் காரணம், புகைத்தல், சர்க்கரை, இரத்தக் கொழுப்பு முதலிய அதே பொதுக் காரணங்கள் நம்மிடத்து இளமையிலேயே தலைகாட்டுவதுதான் என்று கண்டது.

பருத்தல் என்றேன். நம்மிற் பலர் "யான் மெலிந்தவன், எனக்கென்ன" என்பர். 2004-இல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் ஒரு புகைப்படம் வெளிவந்தது. புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும், இலண்டன் நகரத்து டாக்டர் யுட்கினும் அருகருகே நிற்கின்றனர். உயரத்திற்கேற்ற எடை இருவர்க்கும் ஒரே அளவு. உடம்பிற் கொழுப்பை அளந்தபோது, யுட்கினுக்கு 100-க்கு 9.1, யாஜ்னிக்கிற்கு 21.2. பார்வைக்கு ஒத்தவர், உள்ளே ஒவ்வாதவர். தம்மையே சான்றாக நிறுத்திய அவ்விருவர் பெருந்தன்மையை யான் வியக்கிறேன். யாஜ்னிக் அவர்கள் புனேயைச் சூழ்ந்த கிராமங்களிற் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனிற் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டார். நம் குழந்தையின் எடை 2.7 கிலோ; அக்குழந்தையின் எடை 3.5 கிலோ. எடை குறைந்தும் நம் குழந்தையினிடத்துக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை, குறைந்தது தசையே. இது மரபணுவாலோ, தாய் கருவுற்றகாலத்து உணவாலோ என்பதில் அறிஞர்க்குள் வாதம் உண்டு. தாய்மார்களே, வாதம் முடியும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கருவுற்ற மருமகளுக்கு முதலிற் சோறிட்டுப் பின் மற்றவர் உண்பது நல்லது. ஆதலின் எடையினும் இடுப்பளவே நமக்குத் தக்க அளவுகோல். ஆடவர்க்கு 90 செண்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 செண்டிமீட்டரும் எல்லை.

குலச் சங்கத்தின் முன் பேசுகின்றவன் சொல்லியே ஆகவேண்டியதொன்று உண்டு. சிலர்க்கு இனிமையாயிராது. தன் குலத்துள்ளேயே, அதனுள்ளும் அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணந்து வந்த சமூகம், ஒரு சில மூல ஏடுகளையே திரும்பத் திரும்பப் பெயர்த்தெழுதிய மடத்தை ஒக்கும். 2017-இல் தெற்காசியாவின் 260-க்கு மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றுள் 81 சமூகங்களில் இத்தகைய குறுக்கம் பின்லாந்து நாட்டாரினும், ஐரோப்பிய யூதரினும் மிகுதி என்று கண்டனர். அவ்விரு கூட்டத்தாரும் இவ்விஷயத்தில் உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுவோர். குறுக்கத்தாற் புதுப் பிழை தோன்றுவதன்று. இருந்த பிழை தாய்வழியும் தந்தைவழியும் வந்து ஒரே குழந்தையினிடத்துச் சந்திப்பது எளிதாகிறது. பிறவியிலேயே கொலஸ்டிரால் மிகும் குடும்பநோய் ஒன்றுண்டு. அதன் உட்காரணத்தை ஆராய்ந்தே பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்னும் இருவர் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரு படி மட்டும் பிழையுடையார் 250 பேரில் ஒருவர். அவர்க்கு நடுவயதில் அபாயம். தாய் தந்தை இருவர்க்கும் அப்பிழை இருப்பின், நாலு பிள்ளையில் ஒன்றுக்கு இரு படியும் பிழைபட்டு, பள்ளி வயதிலேயே மாரடைப்பு வருதல் கூடும்.

இருதயத் தசையைப் பற்றிய ஒரு செய்தியும் உண்டு. இது நாள அடைப்பன்று, வேறு நோய். 2009-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத்து ஆராய்ச்சி நிலையத்துத் தங்கராஜ் முதலியோர், இருதயத் தசைக்குரிய ஒரு மரபணுவில் 25 எழுத்து விடுபட்ட பாடம் நம் நாட்டாருள் 100-க்கு 4 பேரிடத்து உண்டென்றும், நடுவயதிற்குப்பின் அது இருதயத்தைத் தளரச்செய்யும் என்றும் எழுதினர். அன்று பத்திரிகைகளிற் பெரும் பரபரப்பு. 2018-இல் அமெரிக்காவில் வாழும் தெற்காசியரிடத்து ஆராய்ந்தவர்கள், அவ்விடுபாட்டுடன் அதே மரபணுவில் மற்றுமோர் எழுத்து மாற்றமும் உடையாரிடத்தேதான் தசையின் மாறுபாடு தோன்றுகிறது, விடுபாடு மட்டும் உடையார்க்கு அத்துணைக் கேடு காணப்படவில்லை என்றனர். ஒரு செய்தியைப் படித்தவுடன் நடுங்குவதும், மறுநாள் மறப்பதும் வேண்டா என்பதற்காகவே இதனைச் சொன்னேன்.

இனி என் வீட்டுச் செய்தி. எந்தையார் தமது 49-ஆம் வயதில், திண்ணையில் அமர்ந்திருந்தபடியே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, உடலெல்லாம் வியர்த்து, ஒரு மணி நேரத்தில் மறைந்தார். அப்போது யான் பள்ளி இறுதி வகுப்பு. என் தமையனார் வடக்கே ஒரு கல்லூரியிற் படித்துக்கொண்டிருந்தார். என் தமக்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்த சமயம். எங்கள் அம்மான் வந்தவுடனே எங்களை உள்ளே அழைத்து, "ஜுரம் என்று சொல்லுங்கள், இருதயம் என்று வாயெடுக்காதீர்கள்" என்றார். அவர் தீயவர் அல்லர்; அப்பெண்ணின் வாழ்வை எண்ணியே சொன்னார். மூன்றாம் நாள் வந்து சேர்ந்த தமையனாருக்கும் ஜுரம் என்றே சொல்லப்பட்டது. சம்பந்தி வீட்டார் கேட்டபோது யானும் தலையசைத்தேன். தமக்கைக்கு மணம் முடிந்தது. பின்னர் அச்சொல்லைத் திருத்துதற்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை, அல்லது வாய்க்குமாறு யாம் செய்யவில்லை.

தமையனார் இலண்டன் சென்றார். அங்கே வைத்தியர் ஒருவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "தந்தை எதனால் இறந்தார்?" தமையனார் தாம் அறிந்தபடியே "ஜுரம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பொய்யைத்தான் அறிந்திருந்தார். ஆண் உறவினர்க்கு 55 வயதிற்கு முன்னும், பெண் உறவினர்க்கு 65 வயதிற்கு முன்னும் இருதய நோய் வந்திருப்பின் அதனைத் தனியே குறித்துக்கொள்வது வைத்தியர் வழக்கம். அந்த இடம் வெறுமையாய் விடப்பட்டது. வாரந்தோறும் யான் அவருடன் தொலைபேசியிற் பேசினேன். மழை பெய்ததும் மாடு கன்றீன்றதும் சொன்னேன். இதனைச் சொல்லவில்லை. 47-ஆம் வயதில், இரயிலுக்குப் படியேறும்போது விழுந்தார். சொல்லியிருந்தாற் பிழைத்திருப்பாரோ என்பதை எந்த வைத்தியரும் சொல்லார். யான் அவரிடமும் கேட்டுவிட்டேன், இவரிடமும் கேட்டுவிட்டேன்.

அதன்பிறகு யான் முற்கூறிய சோதனையைச் செய்துகொண்டேன். எனக்கு அளவு மிகுதி. அண்ணியாருக்கும் பிள்ளைகளுக்கும் உள்ளதை உள்ளவாறே கடிதம் எழுதினேன். பிள்ளைகள் இருவரும் அங்கே சோதித்துக்கொண்டனர். மகளுக்கு மிகுதி, மகனுக்கு இல்லை. மரபின் வழி அப்படித்தான். ஒரு படி வந்தவர்க்கு வரும், வராதவர்க்கு வாராது. அம்மகள் இப்போது வைத்தியர் பார்வையில் நலமாயிருக்கிறாள். கடைசியாகத் தமக்கையின் மாமியாரிடம் சென்று, பல ஆண்டுகட்குமுன் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டேன். அவ்வம்மையார் சற்றுநேரம் பேசாதிருந்து, "இதற்கா இத்தனை வருஷம் மறைத்தீர்கள், தம்பி? என் கொழுந்தனார் இருவரும் அப்படித்தான் போனார்கள், நாங்களும் சொல்லவில்லை" என்றார். என் மருமகனுக்கு இரு பக்கமும் உண்டு என்பது அன்றுதான் இரு வீட்டார்க்கும் தெரிந்தது. அவனுக்கு இப்போது வயது 24. அவன் சென்ற மாதம் கனடா செல்லுமுன் சோதனை செய்துகொண்டு சென்றான்.

பெரியோர்களே, ஒருவர் பிறந்த நாழிகையை ஜாதகத்திற் குறித்துப் பெட்டியிற் பூட்டி வைக்கிறோம். இறந்த திதியை ஆண்டுதோறும் தவறாது நினைவில் வைத்துத் திவசம் செய்கிறோம். எந்நோயால், எவ்வயதில் இறந்தார் என்பதை எழுதிவைத்த வீடு நம்முள் எத்தனை? கடல் கடந்த பிள்ளைக்கு ஊறுகாயும் பொடியும் கட்டியனுப்பும் நாம், அவனுடைய வைத்தியர் முதலிற் கேட்கும் கேள்விக்கு விடையை அனுப்புவதில்லை.

"இதனை வெளியிட்டால் பெண் கொடுப்பார் யார்?" என்னும் கேள்வி இச்சபையில் எழும் என்பதை அறிவேன். ஒரு வீட்டில் மட்டும் இருப்பின் அஞ்சத்தகும். இரு மடங்கு என்று கணக்கு வந்த மக்களிடையே இந்நோய் தொடாத குடும்பத்தைத் தேடிச் சம்பந்தம் செய்வதாயின், நம் சங்கத்து மணமாலைப் பக்கத்தை மூடிவிட வேண்டியதுதான். தந்தை 50 வயதில் மாரடைப்பால் இறந்தார் என்பது பிள்ளையை ஒதுக்குதற்குக் காரணமாகாது. இருவரையும் சோதித்துப் பார்த்தற்கே காரணம். இரு வீட்டிலும் பிறவிக் கொலஸ்டிரால் நோய் உண்டெனத் தெரிந்தால் மட்டும் மணத்துக்குமுன் தக்க வைத்தியரைக் கலந்துகொள்ளல் வேண்டும்; அக்காள் மகள், மாமன் மகள் சம்பந்தமாயின் கட்டாயம் கலந்துகொள்ளல் வேண்டும்.

நம் டாக்டர் அவர்களும் யானும் சேர்ந்து ஒரு தாள் அச்சிட்டுக் கொணர்ந்திருக்கிறோம். தந்தை, தாய், இரு வழிப் பாட்டனார், பாட்டியார், சிற்றப்பன்மார், அத்தைமார், அம்மான்மார் ஆகியோர்க்கு வந்த நோயும், வந்த வயதும் எழுதுதற்கு அதில் இடம் உண்டு. அதனை நிரப்பிச் சங்கத்திற்குத் திருப்பித் தர வேண்டுவதில்லை. சங்கத்திற்கு அஃது உரியதன்று. ஒரு படியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றொரு படியை வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு இன்றிரவே படமெடுத்து அனுப்புங்கள். வாயிலருகே மேசைமேல் அடுக்கி வைத்திருக்கிறோம். மேலே உள்ள தாள் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு பிழையென்று ஒதுக்கவேண்டா. அது மாதிரிக்காக வைத்தது. எங்கள் வீட்டுத் தாள். அதில் எந்தையார் பெயருக்கு நேரே, 'மாரடைப்பு, வயது 49' என்று எழுதியிருக்கிறேன்.